சொட்டுக்குப் பக்கத்தில் மில்லியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பத்திரிகையின் மருத்துவப் பகுதியில் பத்துச் சொட்டு, பதினைந்து சொட்டு என்று வரும்போதெல்லாம், அது எத்தனை மில்லி என்றும் பக்கத்திலேயே போடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என் பேரனுக்குக் காய்ச்சல், ஏழு மாதக் குழந்தை. டாக்டர் பத்துச் சொட்டு கொடுக்கச் சொல்லியிருந்தார். மருந்தோடு வந்த ஃபில்லர் ராத்திரி கைதவறி விழுந்து உடைந்துவிட்டது, அந்த நேரத்துக்குக் கடையும் இல்லை, சரி, அலமாரியில் கிடந்த பழைய ஃபில்லரைக் கழுவி அதிலேயே கொடுக்கலாம் என்று மகள் எடுத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதில் 20 சொட்டுத் தண்ணீரைக் கரண்டியில் விட்டு, ஊசி மாட்டாத 2 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிப் பார்த்தேன். 20 சொட்டு 1 மில்லி என்பதுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு. சிரிஞ்சிலோ 1.4-ல் நின்றது! அப்புறம் அந்தச் சிரிஞ்சிலேயே அரை மில்லி எடுத்துக் கொடுத்தோம்.

ஃபில்லரின் நுனி அகலமாக இருந்தால் சொட்டு பெரிதாகிவிடும், சாய்த்துப் பிடித்தாலும் அளவு மாறும். எண்ணெயும் ஸ்பிரிட் கலந்த மருந்தும் தண்ணீரைவிடச் சின்னச் சொட்டாகத்தான் விழும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் டிரிப்பிலேயே சாதாரண டியூபில் 20 சொட்டு 1 மில்லி என்றால், குழந்தைகளுக்கான டியூபில் 60 சொட்டு விழுந்தால்தான் 1 மில்லி. அங்கே அதைக் கவர் மேலேயே அச்சடித்திருப்பார்கள், நர்ஸ் பார்த்துக்கொள்வார். வீட்டில் யார் பார்ப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது. சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம்தான். இரண்டும் ஒரே மருந்துதானே என்று சொட்டு மருந்தை 5 மில்லி ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம், பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை, கைக்குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். இந்த மாதிரிக் குழப்பத்தால்தான் அமெரிக்காவில் 2011-ல் குழந்தைகளுக்கான அடர்த்தியான சொட்டு மருந்தை நிறுத்தி, 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்று ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர்களும் சீட்டில் மில்லியிலேயே எழுதினால் நல்லது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கோடு போட்ட சிரிஞ்சு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.