அல்சூர் அக்கா வீட்டுக்கு ராம்ப்பும் கழிவறையும்: நன்கொடை வேண்டுகோள்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் அக்கா ஒருவருக்காக இதை எழுதுகிறோம். கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தியவர். சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. அவர் வீட்டுக்குள் வீல் சேர் தாராளமாகப் போய்வரும்படி மாற்றிக் கட்ட 2,40,000 ரூபாய் ஆகும். காம்பவுண்டிலும் தெருவிலும் சேர்ந்தது 62,000. மீதி 1,78,000 ரூபாய்க்காகத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

அக்காவின் பெயரும் படமும் இதில் இல்லை. அவர் வேண்டாம் என்றார், எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. உதவி கேட்கிறோம் என்பதற்காக ஒருவர் படுக்கையில் கிடக்கிற படத்தை ஊரெல்லாம் அனுப்பக் கூடாது. நேரில் வந்து பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பணம் சேர்க்கும் எங்கள் குழுவில் யாரிடமாவது சொல்லுங்கள், அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்.

வீல் சேர் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இருக்கிறது, மத்திய அரசின் உதவித் திட்டத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் வாசலில் மூன்று படி, மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க அந்தக் காலத்தில் உயர்த்திக் கட்டியது. பின்னாலுள்ள கழிவறைக்கு 24 அங்குலக் கதவு, நாற்காலியோ 26 அங்குலம். அதனால் நாற்காலி கட்டிலோரம் மடித்தே கிடக்க, அக்காவை மகன்தான் தூக்கிக்கொண்டு போகிறான். அவன் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு ஆண்களைக் கூப்பிட அவருக்குக் கூச்சம், யாருக்குத்தான் இருக்காது? டியூப் வைத்துத்தான் சிறுநீர் எடுக்க வேண்டும், அதற்கு மறைவும் சுத்தமான இடமும் வேண்டும், இரண்டும் இல்லாததால் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். காலையில் மகன் நிரப்பி வைத்துவிட்டுப் போகிற சொம்பில் அவன் திரும்பி வரும்போது பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. இப்படித் தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் தொற்று வரும், அது முற்றினால் சிறுநீரகம் வரை போகும். நாங்கள் அவசரப்படுவது இதனால்தான்.

2011-லேயே நம் அல்சூருக்கு மெட்ரோ வந்துவிட்டது. ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரை போகலாம். தன் வீட்டு மூன்று படியைத் தாண்ட அவரால் முடியவில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் இந்த வசதிகள் வேண்டும் என்கிறது, நல்ல விஷயம், ஆனால் பழைய வாடகை வீட்டின் கழிவறைச் சுவரை நாம்தான் உடைத்துக் கட்ட வேண்டும்.

ராம்ப், அதாவது சாய்தளம், கட்டுவானேன், படிமேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதுதான் ராம்ப்புக்குக் கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், தானே ஏறப் பார்த்தால் நாற்காலி பின்பக்கம் கவிழும். மூன்று படியும் சேர்ந்து 18 அங்குலம், ஆக 18 அடி வேண்டும். வாசலுக்கும் தெருக்கதவுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இல்லை. அதனால் 9 அடி ஏறி, நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி சமதளம் விட்டு, மறுபடி 9 அடி ஏறுகிற மாதிரி மேஸ்திரி சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினார். நடைபாதையில் மூன்றடி குறைகிறது, காம்பவுண்டில் குடியிருக்கிற ஆறு குடும்பத்தாரும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேல்பூச்சு சொரசொரப்பாக இருக்கும், இரண்டு பக்கமும் கம்பி, சக்கரம் நழுவாமல் ஓரத்தில் சின்னக் கட்டை. இதற்கு 85,000.

கழிவறைக்கு 1,05,000, பெரிய செலவு அதுதான். இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு, நாற்காலியின் இருக்கை உயரத்துக்கே கமோடு வைக்க வேண்டும், அப்போதுதான் கையை ஊன்றி ஒன்றிலிருந்து மற்றதற்கு அவர் தானாக நகர முடியும். பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் விடுவதற்குத்தான் சுவரைத் தள்ளிக் கட்டுகிறோம். பிடிக்கிற கம்பி ஓர் ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டும், துண்டு போடுகிற கம்பி வேலைக்கு ஆகாது. கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே அவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் திறக்கவே முடியாதே. அப்புறம் வெந்நீர்: சூடு எவ்வளவு என்று அவர் காலுக்குத் தெரியாது, ஒருமுறை வாளித் தண்ணீர் பட்டுக் கொப்புளம் கிளம்பியதை மகன் வந்து பார்த்த பிறகுதான் அவரே அறிந்தார். அதனால் கீசரில் சூட்டைக் குறைத்து வைத்து, கையில் பிடித்துக் குளிக்கிற ஷவரும் போடுகிறோம்.

உள்கதவுகளை அகலப்படுத்த 30,000, மின்சாரம், குப்பை அள்ளுவது, சில்லறைச் செலவுகளுக்கு 20,000.

வாடகை வீட்டில் இவ்வளவு செலவா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. ஐந்து வருடத்துக்குக் காலி செய்யச் சொல்வதில்லை, வாடகையையும் இந்த வேலையைக் காட்டி ஏற்றுவதில்லை என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அந்தத் தாளை யார் கேட்டாலும் காட்டுகிறோம்.

பணம் குழுவில் இருவர் சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்கில் இருக்கிறது, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. ஞாயிறுதோறும் வரவு செலவை காம்பவுண்டு கேட்டில் ஒட்டுகிறோம். நாங்கள் பதிவு பெற்ற அமைப்பு இல்லை, அதனால் வருமான வரியில் கழிவு கிடைக்காது, இதை முன்பே சொல்லிவிடுகிறோம். மிஞ்சினால் படுக்கைப்புண் வராமலிருக்க நாற்காலிக்கு நல்ல மெத்தை ஒன்று வாங்குவோம்.

பணமாகத்தான் வேண்டும் என்றில்லை. வீடு கட்டி மிச்சமிருக்கிற சிமெண்ட், எம் சாண்ட், வழுக்காத டைல்ஸ், 36 அங்குல நிலையும் கதவும் இருந்தால் சொல்லுங்கள், வண்டி வைத்து நாங்களே எடுத்துக்கொள்கிறோம். வெல்டிங் தெரிந்தவர் ஒருவர் இரண்டு நாள் வந்தால் கம்பி வேலைக் கூலி மிச்சமாகும். மேஸ்திரி பாதிக் கூலிக்கு ஒப்புக்கொண்டு சித்திரைக் கடைசியில் வரச் சம்மதித்திருக்கிறார். மழை பிடிப்பதற்குள் ராம்ப் காய்ந்தாக வேண்டும், அதனால் கொடுக்க நினைப்பவர்கள் இந்த மாதமே கொடுங்கள்.