கிணற்று மேட்டில் ஒரு ஜோடி செருப்பு: நன்றி மடல்

அன்புள்ள ஏட்டய்யா, டாக்டரம்மா, மெய்ப்பு பார்த்த அக்கா, பக்கம் அமைத்த தம்பி, இந்த நாவலுக்குத் தோள் கொடுத்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். புத்தகத்தில் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்தது அரைப் பக்கம். யார் எதில் உதவினார்கள் என்று அங்கேயே விவரமாக எழுதியிருந்தால் கதையின் முடிச்சும் அவிழ்ந்திருக்கும். அதனால் பெயர்களை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிற இந்த வாரத்தில் மனம்விட்டு எழுதுகிறேன். நாவலை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு இந்த மடலுக்கு வாருங்கள்.

ஏட்டய்யா, முதல் வரைவில் எஸ்.ஐ. கிணற்றில் கிடக்கும் உடலை எட்டிப் பார்த்ததுமே "இது கொலைதான்" என்று சொல்வார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்படி ஆரும் சொல்லமாட்டாங்க கண்ணு. மொதல்ல மேட்டச் சுத்திப் பாப்போம். செருப்பு எங்க கெடக்குது, எப்படிக் கெடக்குதுன்னு" என்றீர்கள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் உங்கள் செருப்பையே கழற்றிக் காட்டினீர்கள். தானாகக் கழற்றினால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே, கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. அடுத்து அதையே கையில் எடுத்து, இன்னொருவர் கொண்டுவந்து வைப்பதுபோல் வைத்தீர்கள். கடை அலமாரியில் இருப்பதுபோல் ஒட்டி நின்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதோடு ஒரு மழையை நான் சேர்த்தேன். செருப்பின் மேல்புறம் காய்ந்திருக்கிறது, அதன் அடியில் இருக்கிற மண் ஈரமாக இருக்கிறது. அப்படியானால் மழை விட்ட பிறகுதான் யாரோ அதை அங்கே வைத்திருக்கிறார்கள். நாவலின் உயிரே அந்த ஈர மண்தான். அதைக் கொடுத்தது உங்கள் வாசல்.

சட்டப் பிரிவுகளைத் திருத்திக் கொடுத்த, இப்போது பணியில் இருக்கும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டருக்கும் நன்றி. கதை நடப்பது 2024 ஐப்பசியில். நானோ பழக்கத்தில் சந்தேக மரணத்துக்கு 174, கொலைக்கு 302 என்றே எழுதியிருந்தேன். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால் 174 இருந்த இடத்தில் 194, 302 இருந்த இடத்தில் 103 என்று அவர் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். ஸ்டேஷனில் வயதான ஏட்டு வாய்தவறி "முந்நூத்தி ரெண்டு" என்று சொல்ல, இளம் எஸ்.ஐ. திருத்தும் காட்சி அப்படித்தான் பிறந்தது.

டாக்டரம்மா, மூன்றாம் நாள் எடுத்த உடலை நான் விறைப்போடு எழுதியிருந்தேன். நம் ஊர் வெப்பத்தில் விறைப்பு ஒன்று, ஒன்றரை நாளில் தளர்ந்துவிடும், கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியில் சற்றுத் தள்ளிப்போகலாம் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். உயிரோடு மூழ்கியவருக்குத் தண்ணீரில் இருக்கும் நுண்பாசிகள் ரத்தத்தோடு ஓடி எலும்பு மஜ்ஜை வரைக்கும் போகும். இறந்த பிறகு போட்டால் இதயம் துடிக்காததால் அப்படிப் போகாது என்றும் விளக்கினீர்கள். அதே மூச்சில், "இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி உங்க ஆளைத் தூக்குமேடைக்கு அனுப்பிடாதீங்க" என்றும் எச்சரித்தீர்கள். நீதிமன்றக் காட்சியை நான் மூன்று முறை மாற்றி எழுதியதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒற்றுப்பிழை பார்க்கத்தான் தாள்கட்டைக் கொடுத்தேன். நீங்கள் நோட்டில் கோடு போட்டு, யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டே படித்திருக்கிறீர்கள். நான்காம் அத்தியாயத்தில் மழை மூன்றரை மணிக்கு விடுகிறது. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பால்காரர் ஐந்து மணிக்கு நனைந்துகொண்டே வருகிறார். அந்த ஒரு வரி அப்படியே அச்சாகியிருந்தால் செருப்புத் தடயம் செத்திருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கிற வாசகர் கொலையாளியைக் கண்டுபிடிக்க என்னோடு போட்டி போடுகிறார். அவருக்குக் கொடுக்கும் தடயம் பொய்யாக இருக்கக் கூடாது. இந்த வகை எழுத்தில் எனக்கு இருக்கும் ஒரே பக்தி அதுதான். அதைக் காப்பாற்றிக் கொடுத்தது நீங்கள்.

கையெழுத்துப் பிரதியை ஒரு பதிப்பகம் பதினான்கு மாதம் வைத்திருந்துவிட்டு, "இலக்கியமாக ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று திருப்பித் தந்தது. அன்றைக்கு வலித்தது. ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து தமிழில் துப்பறியும் நாவல் எழுதப்பட்டு வருகிறது. நூறாண்டைக் கடந்த பிறகும் அது வாசலில்தான் நிற்க வேண்டுமா என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. முதல் அத்தியாயத்தைப் படித்த அன்றே போன் செய்து "மிச்சத்தை அனுப்புங்க" என்று சொன்ன இப்போதைய பதிப்பாளருக்கு என் வணக்கம்.

தம்பி, நாவல் 278 பக்கம் வந்தது. அச்சில் ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம், பதினேழு பாரத்துக்கு 272தான், ஆறு பக்கத்துக்காக இன்னொரு பாரம் போக வேண்டாம் என்றாய். வெட்ட உட்கார்ந்தேன். எஸ்.ஐ.யின் நீண்ட பேச்சு போனது, கதை வேகம் பிடித்தது. கொலையாளியின் பெயர் வலதுபக்கத்தில் விழுந்தால் முந்தின பக்கம் படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும் என்று, அதைத் தாள் திருப்பினால் மட்டும் தெரியும்படி 252ஆம் பக்கத்துக்குத் தள்ளினாயே, அந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன்.

எண்பதுகளில் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்களை, காசு வாங்காமல் எனக்குப் படிக்கக் கொடுத்த வாடகை நூலகத்து அண்ணன் இன்று இல்லை. அவர் வீட்டுக்கு முதல் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக, தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். உடலைப் பாதாளக் கொலுசு போட்டு இழுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அது குடம், வாளி எடுக்கிற சாமான், நாங்கள் கயிறு கட்டி இறங்கி வலையில் வைத்துத்தான் தூக்குவோம் என்று. அவருக்கு என் நன்றி. இரண்டாம் பதிப்பில் அந்தப் பத்தியைத் திருத்திவிட்டேன்.

பிரதிகள் எல்லோருக்கும் தபாலில் வரும். ஏட்டய்யா, உங்களுக்கு மட்டும் நேரில் கொண்டுவந்து தர ஆசை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா?

அன்புடன்,
உங்கள் நாவலாசிரியன்
தாராபுரம்