புளியங்கொட்டை கழிவல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் மருத்துவப் பக்கத்தில், "மருந்துகளில் சேரும் விதைப் பசைகள் வெறும் ஒட்டுப்பொருள், புளியங்கொட்டை போன்ற கழிவிலிருந்து மலிவாகக் கிடைப்பவை" என்று ஒரு வரி வந்திருந்தது. அதற்கு மேல் எனக்குப் படிக்க மனம் வரவில்லை.

என் அம்மா தருமபுரிப் பக்கம் கூலிக்குப் புளி தட்டியவர். அந்தக் கொட்டையைத் தனி மூட்டையாகக் கட்டி, எடை போட்டு, காசு கொடுத்துத்தான் வியாபாரி வாங்கிப்போவார். நெசவாலைக்கும் சணல் ஆலைக்கும் கஞ்சிப் பசை அதிலிருந்துதானே போயிற்று?

நான் 26 ஆண்டுகள் ஒரு மருந்தியல் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, மாவாக்கிக் கொதிக்கவைத்து, துணியில் வடித்த கூழை ஆல்கஹாலில் ஊற்றினால் வெள்ளை வெளேரென்று நார்நாராகத் திரளும். அந்தப் பசையையும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தையும் ஆல்ஜினேட் என்ற கடற்பாசிப் பசைக் கரைசலில் கலந்து, ஊசி வழியாகக் கால்சியம் குளோரைடு நீரில் சொட்டவிட்டால் ஜவ்வரிசி போல உருண்டு விழும். வயிற்றில் இருப்பது போன்ற அமிலத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தாலும் அந்த மணிகள் மருந்தை அதிகம் விடுவதில்லை. குடலின் தன்மையுள்ள நீருக்கு மாற்றியதும் ஊதி, மெல்ல மெல்ல விடுகின்றன. வயிற்றைப் புண்ணாக்கும் மருந்தைப் பொதிந்து, வயிற்றைத் தாண்டி இறக்கிவிடுகிற பொருள் வெறும் ஒட்டுப்பொருளா, ஐயா?

கொத்தவரை விதைப் பசையைச் சிறுகுடல் செரிக்காது, பெருங்குடல் பாக்டீரியாதான் உடைக்கும்; அதனால்தான் பெருங்குடலுக்கான மருந்தை அதில் பொதிகிறார்கள். மஞ்சளின் குர்குமினை வெந்தயப் பசைக்குள் வைத்து விற்கிறார்கள். புளியங்கொட்டைப் பசை கண் சொட்டு மருந்திலேயே இருக்கிறது. தாங்கள் அறியாதவை அல்ல இவை.

முன்பொரு முறை கொத்தவரைப் பசை பற்றிய செய்திக்குக் கருவேல மரத்தின் படத்தைப் போட்டீர்கள். சப்ஜா விதையைத் துளசி விதை என்றீர்கள். அது திருநீற்றுப்பச்சிலையின் விதை. இரண்டுக்கும் எழுதினேன். ஒரு வரிப் பதிலும் இல்லை.

எங்கள் மாணவி ஒருத்தி இந்த மணிகளைச் சிறு புட்டியில் போட்டு, வேலை கேட்டு ஒரு நிறுவனத்துக்குக் கொண்டுபோனாள். "இறக்குமதிப் பாலிமர் இருக்கும்போது புளியங்கொட்டை எதற்கு?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் புட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாள். தங்கள் வரியில் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டது.

அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். 'கழிவு' என்ற சொல்லையாவது திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தருமபுரி மாவட்டம்.