வெளிநாட்டில் படித்த செமஸ்டர் இங்கே கணக்கில் ஏற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரிமாற்ற மாணவராக ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவரும் வாய்ப்பு இப்போது காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் எட்டத் தொடங்கியிருக்கிறது. அப்படிச் சென்று தேர்ச்சியும் பெற்றுத் திரும்புகிறவர்கள், அதே செமஸ்டரின் தாள்களை இங்கே அரியராக மறுபடி எழுதும் நிலையை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். முதுநிலை வேதியியல் படிக்கும் என் மகள் ஜெர்மனியில் ஒரு குளிர்காலப் பருவத்தை முடித்து வந்தபின் நடந்தவற்றைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

இத்திட்டம் எப்படி நடக்கிறது என்பது பெற்றோர் பலருக்கும் தெரிவதில்லை. இரண்டு பல்கலைக்கழகங்கள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. மாணவர் இங்கேயே கட்டணம் கட்டி, இங்குள்ள மாணவராகவே நீடிக்கிறார். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் அவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பட்டமும் இங்கிருந்தே கிடைக்கிறது. ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இதைப் பெருவழக்காக்கியது. இன்றைய எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இந்தியா போன்ற நாடுகளின் மாணவர்களும் பயணச் செலவும் மாதாந்திர உதவித்தொகையும் பெற்றுச் செல்ல வழியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அச்சாணி ஒன்றுதான்: அங்கே பெற்ற கிரெடிட்டுகள், அதாவது படித்துத் தேறிய பாடங்களுக்கான அலகுப் புள்ளிகள், ஊர் திரும்பியதும் கணக்கில் ஏறும் என்கிற உறுதி.

அந்த உறுதியை எழுத்தில் தருவதற்காகவே லேர்னிங் அக்ரிமென்ட் என்ற படிவம் இருக்கிறது. அங்கே படிக்கப்போகும் பாடங்கள் ஒரு பட்டியலிலும், அவற்றுக்கு ஈடாக இங்கே ஏற்றுக்கொள்ளப்படும் தாள்கள் இன்னொரு பட்டியலிலும் எழுதப்பட்டு, மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் கையொப்பமிட வேண்டும். என் மகளின் படிவத்தில் முதல் பட்டியல் பாடக் குறியீட்டெண், கிரெடிட் உட்பட நிறைந்திருந்தது. இரண்டாம் பட்டியலில் 'திரும்பி வந்தபின் முடிவு செய்யப்படும்' என்ற ஒரே வரி. அதன் கீழே துறையின் முத்திரை. கையெழுத்திட்ட பேராசிரியர் அவள் போய்வர வேண்டும் என்று மனமார விரும்பியவர். ஆனால் எந்தத் தாளுக்கு எது ஈடு என்று எழுதித் தரும் அதிகாரம் பாடத்திட்டக் குழுவுக்கா, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கா என்பது அவருக்கே தெளிவாக இருக்கவில்லை.

அந்த ஒரு வரிதான் பின்னால் வினையாக முடிந்தது. மின்வேதியியல் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவள் அந்தப் பாடத்தை வகுப்பில் படித்து, ஆய்வகப் பயிற்சி முடித்து, இறுதியில் வாய்மொழித் தேர்வும் கொடுத்தாள். பேராசிரியர் எதிரே அமர்ந்து கேட்க, பக்கத்தில் ஒருவர் கேள்வியையும் பதிலையும் குறித்துக்கொண்டேயிருக்க, அரை மணி நேரம் தேர்வு நடந்திருக்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் ஓர் உச்சம் வரை ஏறிவிட்டு ஏன் இறங்குகிறது என்பதை வெள்ளைத்தாளில் வரைந்து காட்டச் சொன்னார்களாம். வரைந்ததும், கரைசலைக் கலக்கிக்கொண்டேயிருந்தால் இந்தக் கோடு எப்படி மாறும் என்று அடுத்த கேள்வி. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. இவ்வளவும் முடித்துச் சான்றிதழோடு வந்தவளிடம், நம் பாடத்திட்டத்தின் 5 அலகுகளில் ஓர் அலகு அங்கே நடத்தப்படவில்லை என்று காரணம் சொல்லித் தாளை ஏற்க மறுத்துவிட்டார்கள். மின்வேதியியலுக்கென்றே தேசிய ஆய்வகம் இருக்கும் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்ப் பெண், படித்துத் தேறிய மின்வேதியியலை அரியராக எழுத உட்கார்ந்ததைப் பார்த்து என் மனம் ஆறவில்லை.

கடல் கடந்து போகிறவருக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பலேறினார்கள். எந்த ஊர்க் கடை, எத்தனை ஆண்டுக் கணக்கு, சம்பளம் எவ்வளவு, வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். என் கணவரின் பாட்டனார் பர்மா போனபோது எழுதிய சீட்டை எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இன்றும் வைத்திருக்கிறோம்; அவருடைய 3 ஆண்டுக் கணக்கும் சம்பளமும் அதில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கின்றன. திரும்பி வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று எந்தக் கடையும் ஆளை அனுப்பவில்லை.

கிரெடிட்டை மாற்றுவதும் பெரிய கணக்கன்று. ஐரோப்பிய முறையில் முழுச் செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேரப் படிப்பு. நம் நாட்டில் 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஆண்டுக்கு 1,200 மணி நேரத்துக்கு 40 கிரெடிட், அதாவது செமஸ்டருக்கு 20 என வகுத்திருக்கிறது. ஆகவே அங்கே பெற்ற 30-ஐ இங்கே 20-ஆகக் கொள்வதில் எவருக்கும் இழப்பில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிமுறைகள், ட்வின்னிங் முறையில், அதாவது இங்கே சேர்ந்து ஒரு பகுதியை மட்டும் அயல்நாட்டு நிறுவனத்தில் படிக்கும் முறையில், படிப்போர் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை அயல்நாட்டு நிறுவனத்தில் பெற இடம் தருகின்றன. 4 செமஸ்டர் முதுநிலைப் படிப்பில் ஒரு செமஸ்டர் என்பது 25 விழுக்காடுதானே? ட்வின்னிங்குக்கு அவ்வளவு இடம் தரும்போது, பரிமாற்ற மாணவரிடம் மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு?

மதிப்பெண் முறையிலும் கவனம் தேவை. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி; 5.0 என்றால் தோல்வி. என் மகள் வாங்கி வந்த 1.3-ஐ, பத்துக்கு இத்தனை என்று பார்த்தே பழகிய தேர்வுப் பிரிவு ஊழியர் தோல்வி என்று எண்ணி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நாடுவாரியாக ஒரு மாற்றுப் பட்டியலை அவர் மேசைக்கு யாரும் அனுப்பி வைக்கவில்லை.

பருவங்களின் தேதிகளையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. நமக்கோ நவம்பரில் தேர்வு தொடங்கிவிடுகிறது, டிசம்பரில் அடுத்த செமஸ்டர் பிறந்துவிடுகிறது. அங்கே ஒரு பருவம் படிப்பவர் இங்கே இரண்டு பருவங்களைத் தொலைக்கிறார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் முதல் பருவம் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அமெரிக்காவின் இலையுதிர்ப் பருவமும் ஏறக்குறைய அப்படியே. புதிய உடன்படிக்கைகளைத் தேடும்போது நம் நாட்காட்டிக்கு ஒத்துவரும் இடங்களை முதலில் நாடலாம். ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளுக்குச் செல்வோர்க்கு விடுபட்ட தாள்களை எழுத ஒரு சிறப்புத் தேர்வு வைத்தால் போதும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனி விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதலான நடைமுறை. 6 மாதத்துக்கு 5,952 யூரோ. நம் பணத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டும். அது மாதாமாதம் செலவுக்குத் திரும்பக் கிடைக்கும் பணமே என்றாலும், புறப்படுமுன் மொத்தமாகப் புரட்ட வேண்டியிருப்பதால் நல்ல மதிப்பெண் வாங்கும் ஏழைப் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, முதுநிலைப் பட்டத்தையோ முனைவர் பட்டத்தையோ முழுமையாக வெளிநாட்டில் படிப்பவர்களுக்கானது. ஒரே ஒரு செமஸ்டருக்குச் செல்பவரை அது கைதூக்கிவிடாது. நம் பகுதியில் கல்விக்கு வாரி வழங்கும் அறக்கட்டளைகளுக்குக் குறைவில்லை. அவை சேர்ந்து வட்டியில்லாத ஒரு சுழல் நிதியை ஏற்படுத்தினால், ஒருவர் திருப்பித் தரும் தொகையே அடுத்தவருக்குப் போகும். கோட்டையூரில் 1909-இல் பிறந்து, லண்டன் சென்று பாரிஸ்டரான அழகப்பச் செட்டியார், 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் காரைக்குடியில் அடிக்கல் நாட்டச் செய்தார். அந்த ஊரில் இது நடக்காது என்று நான் நம்ப மாட்டேன்.

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் குளிர்காலப் பருவத்துக்கான பெயர்களைப் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே கேட்டு வாங்கிவிடுகின்றன. ஆகவே நம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் மார்ச் மாதத்துக்குள் கூடி, ஈடான தாள்களைத் தீர்மானித்து எழுதித் தரும் அதிகாரத்தைத் துறைத்தலைவர்களுக்கு வழங்க வேண்டும். இரண்டாம் பட்டியல் நிரம்பாத எந்தப் படிவத்திலும் பல்கலைக்கழக முத்திரை விழக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
தேவகோட்டை.