தூண்டில் போட எடம் கேட்டேல்லா

எய்யா,

நீயும் மருமவளும் சின்னவனும் சொகமா இருக்கியளா. இங்க நானும் ஒங்கம்மையும் நல்லா இருக்கோம், அவளுக்கு மொழங்கால் வலி மட்டும் விட்டபாடில்ல, தைலத்த தேச்சுகிட்டு என்னைய திட்டிகிட்டு கெடக்கா. போன ஞாயித்துக்கெழம போன்ல, சின்னவன் தூண்டில் வேணும்னு அடம்புடிக்கான்ப்பா, மே லீவுக்கு வாரோம், நம்மூர்ல எங்க போடலாம், எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்னு கேட்டேல்லா. எனக்கு என்ன தெரியும்னு நீ சொன்னதுதான் ரெண்டு நாளா காதுக்குள்ள ஓடிகிட்டு இருக்கு. அன்னைக்கு பதில் சொல்லுததுக்குள்ள ஒங்கம்மை போன புடுங்கிட்டா, அதான் டைப் பண்ணி அனுப்புதேன், நீளமாத்தான் இருக்கும், ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல பைய படி.

ஒனக்கு ஒரு விசயம் தெரியாது, ஒரு வருசமா நான் தூண்டில் போடுதேன். சிரிக்காத. 33 வருசம் பாபநாசம் திருநவேலி பஸ்ல டிக்கெட் கிழிச்சவன், அம்பை பாலத்துல ஒரு நாளைக்கு நாலு தடவ ஆத்த தாண்டுவேன், ஆனா குளிக்கிறத தவுர அந்த தண்ணியில எனக்கு ஒரு சோலியும் இருந்ததில்ல. ரிட்டயர் ஆன பொறவு வீட்ல இருந்தா டிவி, இல்லாட்டி ஒங்கம்மைகூட சண்ட. ஒருநா கல்லிடைக்குறிச்சி படித்துறையில துண்ட பிழிஞ்சுகிட்டு நிக்கேன், ஆறாப்பு படிக்கிற பயலுவ ரெண்டுபேரு கண்ணு முன்னால ஆறு ஜிலேபி மீனு தூக்கிட்டானுவ. ஏல ஒரு தடவ எனக்கு குடுனு வாங்கி போட்டேன், அவ்வளவுதான், ஆளு கவுந்துட்டேன். இப்ப அந்த பயலுவதான் எனக்கு வாத்தியாரு, தாத்தா தண்ணி மேல மெதக்குத தக்கைய பாக்காம எங்க பராக்கு பாக்கியனு அதட்டுவானுவ.

எடத்த மொதல்ல சொல்லுதேன். யூடியூப்ல ஸ்பாட்டு ஸ்பாட்டுனு காட்டுதத நம்பி போவாத, நான் அப்படி போயி ஒரு நாள் பூரா வெயில்ல காஞ்சிட்டு வந்தவன். ஆத்தங்கரையில தூண்டில எடுக்காம அரை மணி நேரம் சும்மா ஒக்காந்து பாரு. வேகமா ஓடுத தண்ணி பாறையில முட்டி பின்னால சுழிச்சு நொர கட்டி நிக்கும்லா, அந்த நொரைக்கு ஓரத்துல போடு, அடிச்சுட்டு வார தீனியெல்லாம் அங்கதான் ஒதுங்கும், மீனுக்கும் ஓட்டத்தோட மல்லுக்கட்ட வேண்டாம். மருதமரம் வேரோட தண்ணிக்குள்ள எறங்கி நெழல் விழுத எடம் இருக்கே, மே மாசத்துக்கு அத விட நல்ல எடம் கெடையாது, வெயில் ஏற ஏற மீனு பூரா அந்த நெழலுக்குதான் வரும். பொறவு பாத்திரம் கழுவுத படித்துறை, சோத்துப் பருக்கைக்கு கெண்டையும் ஜிலேபியும் காலயே கடிக்கும். சந்தேகமா இருந்தா ஒரு பிடி பழைய சோத்த வீசிப் பாரு, மீனு இருந்தா கொஞ்ச நேரத்துல தண்ணி சளசளங்கும், இல்லன்னா எடத்த மாத்து. மீன்கொத்தி ஒரே கெளைக்கு திரும்பத் திரும்ப வந்து ஒக்காருதா, கீழ பொடி மீனு இருக்கு. நீர்க்காக்கா முங்கி முங்கி எந்திக்கா, அங்க ஆழமும் இருக்கு மீனும் இருக்கு. அப்புறம் ஆடு மேய்க்கிறவிய யாரையாச்சும் கண்டா ஒரு வெத்தல பாக்க நீட்டி பேச்சு குடு, தூண்டில்காரன் எடத்த மறைப்பான், ஆட்டுக்காரர் மறைக்க மாட்டாரு.

தாமிரவரணியில எட்டு அணைக்கட்டு, மேல கோடைமேலழகியான்ல இருந்து கீழ ஸ்ரீவைகுண்டம் வரைக்கும், நமக்கு பக்கம் கன்னடியன். தண்ணி விழுந்து விழுந்து அணைக்கட்டுக்கு கீழ பள்ளம் பறிச்சிருக்கும், மீனு சேரத்தான் செய்யும், ஆனா சின்னவன அங்க கூட்டிட்டு போவாண்டாம். பாசி புடிச்ச கல்லு, எண்ணெய் தடவுன மாதிரி இருக்கும், நானே ஒரு தடவ உக்காந்த வாக்குலயே வழுக்கிட்டு போனேன், வேட்டிதான் கிழிஞ்சுது. வாய்க்கால் மடையில போட ஆசப்பட்டா கார் நெல்லு நடவுக்கு ஜூன்ல தண்ணி தெறக்கணும், மே மாசம் கால்வாய் காஞ்சு கெடக்கும்.

குளத்துல போடலாமானு கேப்ப. போடலாம், ஆனா குளத்து மீனு ஏலம் போயிருக்கும், ஏலம் எடுத்தவரு குஞ்சு வாங்கி விட்டு தீனி போட்டு வளத்துருப்பாரு, நாம போயி கட்லாவையும் ரோகையும் தூக்குனா அது திருட்டுதான். எனக்கு இது தெரியாம ஒரு குளத்துக்கர மேல போயி ஜம்முனு ஒக்காந்துட்டேன், ஒரு ஆளு பைக்க நிப்பாட்டி, என்ன அண்ணாச்சி பெரியாளா இருக்கிய, கேக்காம கைய வைக்கியேனு ஒரு கேள்வி கேட்டாரு பாரு, டிக்கெட் எடுக்காம மாட்டுனவன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பொறவு அவரே ஓரத்துல ஜிலேபி மட்டும் புடிங்கன்னாரு, அது குளத்துல பெருகி மத்த மீனு தீனிய திங்குதாம். ஆனா கேட்டுட்டு போ.

போவவே கூடாத எடமும் இருக்கு. பாபநாசம் கோயில் படித்துறையில காலு வச்சா மீனு மேல வந்து மொய்க்கும், சின்னவன் குதிப்பான், பொரி மட்டும் வாங்கிப் போட்டுட்டு வந்துரணும், அது சாமி மீனு. அதுக்கு மேல காரையாறு சேர்வலாறு எல்லாம் புலிக்காடு, களக்காடு முண்டந்துறை, தூண்டி கம்போட போனா செக்போஸ்ட்லயே எறக்கி விட்ருவான். திருப்புடைமருதூர்லயும் கூந்தன்குளத்துலயும் பறவைய காக்குத எடம், அங்க மீனு பறவைக்குத்தான். ஒரு நாள் கரையில ரிட்டயர்டு விலங்கியல் வாத்தியாரு ஒருத்தர் பேசிகிட்டு இருந்தாரு, நம்ம ஆத்துலயே மட்டும் இருக்க ஒரு கெண்டைக்கு 1954-ல தாமிரவரணி பேரையே வச்சிருக்காங்களாம், ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்புல நூலு மாதிரி நீட்டிகிட்டு இருக்குமாம். அன்னையில இருந்து முதுகுல நூலோட என்னமும் மாட்டுனா திருப்பி விட்ருதேன், அதுதானானு எனக்கு சரியா சொல்லத் தெரியாது, இருந்துட்டுப் போவட்டும்.

சாமான் விசயத்துல நான் செஞ்ச கிறுக்குத்தனத்த நீ செய்யாத. ஆன்லைன்ல ரீல் வச்ச கம்பு 1800 ரூவாக்கு வாங்குனேன், சவம் தூண்டி நரம்பு பூரா சிக்காயி கூட்டுக்குள்ள புகுந்துட்டு, இப்ப ஒங்கம்மை அதுல ஒட்டட அடிக்கா. சின்னவனுக்கு அவன் ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு மூங்கில் கம்பு, கம்பு நீளத்துக்கே நரம்பு, செருப்பு ரப்பர அறுத்து ஒரு தக்க, ஒரு துளி ஈயம், ஒரு தூண்டி முள்ளு, போதும். முள்ளு வாங்கும்போது நம்பர் கூடுனா பெருசுனு நெனச்சு நான் 14 கேட்டேன், கடைக்காரர் குடுத்தது அரிசி மாதிரி இருக்கு, இதுல தலைகீழ் கணக்காம். 10 வாங்கு. முடிச்சு போடும்போது நரம்ப அஞ்சு சுத்து சுத்தி, எச்சி தொட்டு நனச்சுட்டு இறுக்கணும், காஞ்ச நரம்ப இறுக்குனா அந்த சூட்டுலயே பலம் போயிரும், நான் நல்ல மீனு மூணு போனது அதுலதான்.

இரைக்கு மண்புழு, வாழைக்கு அடியில ஈரமா இருக்க எடத்துல தோண்டு. புழுவ தொட மருமவ விடமாட்டானா மைதாவ கெட்டியா பெசஞ்சு அதுல கொஞ்சம் பஞ்ச பிச்சு சேத்துரு, பஞ்சு இல்லன்னா தண்ணியில கரைஞ்சு மீனுக்கு சும்மா சாப்பாடு போட்ட மாதிரி ஆயிரும். ஈயம் ஆத்துத் தரையில இருந்து ஒரு சாண் மேல நிக்க மாதிரி தக்கைய ஏத்தி எறக்கி பாத்துக்க.

இனிமேதான் நெசமான படிப்பு. தக்க ஒரு பாசை பேசும்யா. டிக் டிக்னு கொத்தி கொத்தி நிப்பாட்டுதா, அது ஜிலேபி, இல்லாட்டி பொடி கெண்டை, ஒடனே கம்ப வெட்டி இழுக்காத, மூணாவது கொத்துக்கு லேசா சுண்டு. தக்க படுத்துகிட்டு பக்கவாட்டுல நடந்து போவுதா, அது நல்ல கெண்டை. ஒரு அசைவும் இல்லாம இருந்துட்டு திடீர்னு தக்க முழுசா உள்ள போயி காணாமப் போச்சுனா கெளுத்தி. விரால் இருக்கே அது வேற சாதி, பாசி மண்டுன கெடத் தண்ணியில இருக்கும், தவக்கள வச்சுத்தான் போடணும், எடுத்த ஒடனே இழுத்தா வாய்ல இருந்து கழண்டுரும், கொஞ்சம் விட்டு குடுத்து பொறவு வெட்டணும்ங்காங்க, நான் இதுவரைக்கும் ஒண்ணு கூட எடுக்கல. ஆனா ஒண்ணு, தண்ணி மேல செவப்பா பொடிக்குஞ்சு கூட்டமா சுத்துனா அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும், அந்த எடத்துல போடாத, அத எடுத்துட்டா குஞ்சு அத்தனையும் மத்த மீனு தின்னுரும். நேரம் விடியக்கருக்கல்ல இருந்து எட்டு மணி வரைக்கும், இல்லாட்டி வெயில் தாந்து அஞ்சு மணிக்கு மேல. உச்சி வெயில்ல மீனுக்கும் வேல இல்ல நமக்கும் வேல இல்ல.

கெளுத்திய புடிக்கும்போது மட்டும் சின்னவன கிட்ட விடாத. முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மூணு முள்ளு வெறச்சுகிட்டு நிக்கும், பக்கத்து முள்ளுக்கு பின்னால வெரல குடுத்துதான் புடிக்கணும். எனக்கு பெருவெரல்ல ஏறிட்டு, ராத்திரி பூரா தூக்கமில்ல, ஒங்கம்மை பொறுக்குத சூட்டுல வெந்நீ வச்சு கைய முக்கி வச்ச பொறவுதான் வலி அடங்குச்சு, வெந்நீ வச்சுகிட்டே, வேணும், நல்லா வேணும்னா. ஏன் அப்படி சொல்லுதானு எனக்கு அப்ப புரியல.

தண்ணி விசயத்துல ஒரு சொல்லு கேளு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு பொறவு நம்ம ஆறு பழைய ஆறு இல்ல. மடுவா கெடந்த எடம் மேடாயிட்டு, மொழங்கால் தண்ணினு நாம எறங்குன எடம் ஆள முக்குது. மணல் அள்ளுன பள்ளம் வேற, மேல பாத்தா தெரியாது. மணிமுத்தாறு அணையோ பாபநாசம் அணையோ தெறந்தா கொஞ்ச நேரத்துல தண்ணி ஏறும், தெளிவா ஓடுன தண்ணி கலங்கி, செத்தையும் குப்பையும் மெதந்து வந்தா கம்ப போட்டுட்டு கரையேறிரு. சின்னவன் கரையில ஒக்காந்துதான் போடணும், காலு மட்டும் நனையலாம்.

இத எழுதும்போதே நீ என்ன நெனைக்கனு எனக்கு தெரியும். எட்டாப்புல ஒன் தூண்டி கம்ப நான் மொழங்கால்ல வச்சு ஒடிச்சு வெந்நி அடுப்புல வச்சேம்லா. ஏன்னு ஒங்கிட்ட சொல்லல. அன்னைக்கு டூட்டியில ஒரு பொம்பள பஸ்ல ஏறுனா, டிக்கெட்டுனு கேட்டா காசு எடுத்து குடுக்கத் தெரியல, ரெண்டு கையையும் விரிச்சபடியே ஒக்காந்திருக்கா. பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க, மகன் ஆத்துல போயிட்டான், ஆஸ்பத்திரிக்கு பாக்கப் போறானு. நான் டிக்கெட் போடல. வீட்டுக்கு வந்தா பொறவாசல்ல ஒன் கம்பு ஈரத்தோட சாத்தியிருக்கு. அவ்வளவுதான்யா நடந்தது.

போன மாசம் நான் ஒரு கெளுத்தி கொண்டாந்து குடுத்தேன், ஒங்கம்மை மாங்கா போட்டு கொழம்பு வச்சா, பழைய ருசியா இருக்கேனு சொன்னேன். அப்பதான் சொல்லுதா, நீ பத்தாப்பு முடிக்கிற வரைக்கும் போட்டுகிட்டேதான் இருந்தியாம், நான் நைட் டூட்டி போற அன்னைக்கு பாத்து, சந்தையில வாங்குனேன்னு சொல்லி எனக்கே ஊத்தியிருக்கா, நானும் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கி சாப்ட்டிருக்கேன். வெந்நீ வச்சப்ப வேணும்னது அதுக்குத்தானாம்.

அந்த எடம் எதுனு கேட்டா அவளுக்கு தெரியல, மேக்க ஏதோ ஒரு மருதமரத்தடினு மட்டும் சொல்லுதா. படித்துறையில இருந்து மேக்க நிக்க மருதமரம் அத்தனையிலயும் போட்டுப் பாத்துட்டேன், அந்த சைஸ் கெளுத்தி எங்கயும் கடிக்கல. எந்த மரம்யா அது? வெள்ளம் அத விட்டு வச்சிருக்கோ என்னவோ, இருந்தாலும் சொல்லு, நீங்க வாரதுக்கு முன்னால ஒரு நாள் போயி ஆழம் பாத்து வச்சிருதேன்.

சின்னவனுக்கு கம்பு வெட்டி வெயில்ல காய வச்சாச்சு. ஒனக்கும் ஒண்ணு வெட்டியிருக்கேன்.

இப்படிக்கு
அப்பா