எங்கள் பள்ளிக்கு வந்த ‘போலீஸ் மிஸ்’களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள காவல் சகோதரிகளுக்கு,

வணக்கம். கோவை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவராகவும், அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாவாகவும் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரையும் உங்கள் பெயர்களையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

மாவட்டக் காவல்துறை 2022இல் ‘பள்ளிக்கூடம்’ என்று திட்டம் தொடங்கிப் பெண் காவலர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது, வருவார்கள், மைக்கில் பேசுவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் ஊரில் பலரும் பேசிக்கொண்டார்கள். நீங்கள் திரும்பத் திரும்ப வந்தீர்கள். திருவிழா பந்தோபஸ்து முடித்துத் தூங்காத கண்ணோடும் வந்தீர்கள். எங்கள் பிள்ளைகள் உங்களைப் ‘போலீஸ் மிஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்தது அப்படித்தான்.

யாரும் தொடக்கூடாத இடங்கள் எவை, யாராவது தொட்டால் எப்படிச் சத்தம் போட்டு விலகி ஓடுவது, யாரிடம் போய்ச் சொல்வது என்று படம் வரைந்து காட்டினீர்கள். தப்பு செய்தவர் தெரிந்தவராகவோ சொந்தக்காரராகவோ இருந்தாலும் சொல்லலாம் என்றீர்கள். எந்த வீட்டிலும் வாய் திறந்து பேசாத விஷயம் இது. பையன்களையும் உட்கார வைத்துச் சொன்னதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று எங்களில் பலர் நினைத்திருந்தோம். 18 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கும் அது பொருந்தும் என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொன்ன பிறகு, வெகுநேரம் எழுந்து போகாமல் கேள்வி கேட்டவர்கள் அப்பாக்கள்தான்.

இன்னொரு நாள் நடந்ததையும் எழுதியாக வேண்டும். சேட்டை செய்த இரண்டு பையன்களை ஒரு ஆசிரியர் உங்களிடம் இழுத்துக்கொண்டு வந்து, “இவனுகளைக் கொஞ்சம் மிரட்டிட்டுப் போங்க மேடம்” என்றார். “மிரட்டினா நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா எங்ககிட்ட வரமாட்டாங்க சார்” என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டீர்கள். ஆசிரியரும் புரிந்துகொண்டார். அப்புறம் அந்தப் பையன்களோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசியதில்தான், உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் புகையிலைப் பொட்டலம் பள்ளிக்குப் பக்கத்திலேயே கிடைப்பது தெரிய வந்தது. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்பது சட்டம். நீங்கள் பையன்களின் பையைச் சோதிக்கவில்லை, கடைக்குப் போனீர்கள். பள்ளிக்கு வரும் காவலரின் வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளைகளின் சேட்டையைத் திருத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நாங்கள் இருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யும் பெரியவர்களைக் கேட்கத்தான் காவல்துறை வேண்டும்.

வீட்டில் சொல்ல முடியாததை உங்களிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட அதிகமாக எழுத மாட்டேன். நீங்கள் நடந்துகொண்ட விதத்தை மட்டும் சொல்கிறேன். சீருடை இல்லாமல் சாதாரண சுடிதாரில் வந்தீர்கள். நிலையத்துக்கு வரச் சொல்லாமல், பிள்ளை விரும்பிய இடத்தில், பிள்ளை நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஊரில் நடந்துவிடுவதில்லையே. ஜீப் தெருவுக்குள் வந்திருந்தால் போதும், அந்த வீட்டை ஊரே வேடிக்கை பார்த்திருக்கும். இன்றுவரை ஒரு பெயர்கூட வெளியே வரவில்லை. அம்மாக்கள் எல்லோரும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

உங்களோடு நின்றவர்களையும் மறக்கவில்லை. நிலையத்தில் குழந்தைகள் நல அலுவலராக இருக்கும் எஸ்.ஐ. மேடம், கூப்பிட்டதும் எடுத்துப் பொறுமையாகப் பேசிய, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணின் ஊழியர்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்த ஆலோசகர், தன் பாடவேளையை முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுத்த அறிவியல் டீச்சர், சரியாகச் சாப்பிடாத பிள்ளைகளை முதலில் கவனித்துச் சொன்ன சத்துணவு அமைப்பாளர் அக்கா, எல்லோருக்கும் எங்கள் குழுவின் நன்றி.

மாவட்டக் காவல் அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. இவர்களுக்கு இடமாறுதல் வருவது இயல்பு. வந்தால், அடுத்து வருபவரை இவர்களே ஒருமுறை வகுப்புக்கு அழைத்து வந்து பிள்ளைகளிடம் அறிமுகம் செய்துவிட்டுப் போக அனுமதியுங்கள். முகம் பழகாதவரிடம் பிள்ளைகள் எதையும் சொல்வதில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும், பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் முடித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வருவார்கள். நீங்கள் வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களின் அப்பா அம்மாக்களையும் வரச்சொல்லி வைக்கிறேன். மதியச் சாப்பாடு எங்களோடுதான்.

நன்றியுடன்,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்