கந்தகம் வடிகட்டினால் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ்-6 என்ற மாசு வரம்புக்கு ஏற்ற) டீசல் பற்றிய தங்கள் கட்டுரையில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் கந்தகத்தை ‘வடிகட்டி’ நீக்குவதாக எழுதியிருந்தீர்கள். டீசலில் கந்தகம் தூசியாக மிதப்பதில்லை. மூலக்கூறுக்குள்ளேயே பிணைந்திருக்கிறது. ஹைட்ரஜனைச் செலுத்தி, வினையூக்கியின் மேல் அந்தப் பிணைப்பை அறுத்தால்தான் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் டீசலில் கந்தகத்தின் வரம்பு 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து) 10 ஆனது. குறைந்தது 40தானே என்று தோன்றும். ஆலைக்கு அந்த 40தான் பெரும்பாடு. மெர்காப்டன், சல்பைடு போன்ற எளிய கந்தகச் சேர்மங்கள் சுலபமாக உடைந்துவிடும். கடைசிவரை அடம்பிடிப்பவை பென்சீன் வளையங்களுக்கு நடுவே கந்தகம் சிக்கிய டைபென்சோதயோபீன்கள். கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைக்கும் கேட் கிராக்கர் பிரிவிலிருந்து வரும், டீசலில் சேர்க்கப்படும் லைட் சைக்கிள் ஆயிலில் இவை ஏராளம். அவற்றிலும் கந்தகத்தை ஒட்டிய 4, 6 ஆகிய இரு இடங்களிலும் மீத்தைல் தொகுதி உள்ளதுதான் படுமோசம். கந்தக அணுவை இருபுறமும் மறித்துக்கொண்டு நிற்பதால் அது வினையூக்கியை நெருங்கவே முடிவதில்லை. முதலில் ஒரு வளையத்தில் ஹைட்ரஜனை ஏற்ற வேண்டும். தட்டையான மூலக்கூறு அப்போது சற்று வளையும். பிறகே கந்தகம் கழலும். இதற்கு கோபால்ட்-மாலிப்டினத்தைவிட நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கி கைகொடுக்கும். ஆனால் ஹைட்ரஜன் செலவும் அழுத்தமும் கூடும்.

வெப்பத்தை ஏற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 380 டிகிரி செல்சியஸை நெருங்க நெருங்க, வளையத்தில் ஏறிய ஹைட்ரஜன் மறுபடி கழலத் தொடங்கும். வினையூக்கியில் கரி படியும், டீசலின் நிறமும் கெடும்.

புது வினையூக்கி ஆக்சைடாகத்தான் வருகிறது. கந்தகத்தை நீக்க வேண்டிய அதற்கே முதலில் கந்தகத்தை ஊட்டியாக வேண்டும். டைமீத்தைல் டைசல்பைடு என்ற கந்தகச் சேர்மம் கலந்த எண்ணெயை ஹைட்ரஜனோடு செலுத்தி, ரியாக்டரின் (வினை நடக்கும் கலனின்) வெளிவாயிலில் ஹைட்ரஜன் சல்பைடு தென்படும்வரை சுமார் 230 டிகிரியைத் தாண்டாமல் காத்திருந்து, அதன் பிறகே படிப்படியாக 320-க்கு மேல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஹைட்ரஜன் அந்த ஆக்சைடை உலோக நிலைக்கு இழுத்துவிடும். போன திறன் திரும்பாது.

எல்லாம் சரியாக நடந்தும் தோற்க வாய்ப்புண்டு. உள்ளே போகும் எண்ணெயில் 1 சதவீதம், அதாவது 10,000 பி.பி.எம். கந்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் எண்ணெயும் வெளியே வரும் எண்ணெயும் வெப்பம் மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சரில் ஒரு குழாய் கசிந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்கே பாய்ந்தால் போதும், அதுவே 10 பி.பி.எம். சேர்த்துவிடும். வினையூக்கியைக் கொட்டும்போது அடுக்கு சமமாக அமையாமல் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடினாலும் இதே கதிதான். வினையூக்கி செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் எக்ஸ்சேஞ்சருக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்துப் பார்ப்பது நல்லது. ரியாக்டரின் வெளிவாயிலில் சரியாக இருந்து, எக்ஸ்சேஞ்சரைக் கடந்தபின் கந்தகம் ஏறியிருந்தால் கசிவேதான்.

இவ்வளவு பாடுபட்டு நீக்கியதைக் கலப்படம் நொடியில் கெடுத்துவிடுகிறது. 2,000 பி.பி.எம். கந்தகமுள்ள மண்ணெண்ணெயை 1 சதவீதம் கலந்தாலே டீசலில் 20 பி.பி.எம். கூடிவிடும், வண்டியின் புகைபோக்கியில் உள்ள வினையூக்கி மந்தமாகும். டேங்கரிலும் பங்க் தொட்டியிலும் நடக்கும் இந்தக் கலப்படம் பற்றியும் தாங்கள் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மணலி, சென்னை.